கூரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

போன இதழில் என்னுடைய 1964 லிங்கன் கான்டினென்டல் கன்வெர்ட்டிபிள் (கூரையை மடித்துத் திறக்கும் கார்) பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். வருமான வரி, விசா, முழங்கால் வலி என்று வழக்கமாக வரும் கேள்விகளையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, கடிதங்கள் முழுக்க அந்தக் காரைப் பற்றியே வந்திருக்கின்றன. சரி, இந்த முறை அதுவே ஆகட்டும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் மிச்சிகனில் முப்பது வருஷம் கார் வயரிங் வேலை பார்த்த எலெக்ட்ரிக்கல் ஆள். டிங்கர் வேலை தெரியாது, பெயின்ட் அடிக்கத் தெரியாது. இரண்டையும் தெரிந்தவர்களிடம் ஏமாந்த அனுபவம் மட்டும் நிறைய உண்டு.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன், சார். 1963 கான்டினென்டல் கன்வெர்ட்டிபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 'பிரேம்-ஆஃப் ரெஸ்டோரேஷன், ஒவ்வொரு போல்ட்டும் புதுசு' என்று விளம்பரம். நாற்பது படம் போட்டிருக்கிறார்கள், கண்ணைப் பறிக்கிறது. நேரில் போனால் முதலில் எதைப் பார்ப்பது?
— ஒஹாயோ வாசகர்

பதில்: விளம்பரத்தின் முதல் வார்த்தையிலேயே உங்களுக்கு விடை இருக்கிறது. பிரேம் தனி, பாடி தனி என்று செய்த வண்டியில்தான் பாடியைக் கழற்றித் தூக்கிவைத்துவிட்டு அடிச்சட்டத்தைச் சுத்தம் செய்ய முடியும். அதற்குத்தான் பிரேம்-ஆஃப் என்று பெயர். 1961 முதல் 1967 வரை வந்த கான்டினென்டல் கன்வெர்ட்டிபிளில் அப்படித் தனியாக ஒரு பிரேமே கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல், டிக்கி எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு அது. இல்லாத பிரேமை எப்படிக் கழற்றினீர்கள் என்று விற்பவரிடம் சிரித்துக்கொண்டே கேளுங்கள். அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

எனக்கு இதைச் சொல்ல வாய் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதே வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் 2008-ல் நானும் பணம் கொடுத்தேன். வெள்ளை பெயின்ட், சிவப்புத் தோல் இருக்கை, முகம் பார்க்கலாம்போல் குரோம். மூன்றாம் மாதம் ஒரு சக்கரம் காற்றுப்போய், ஜாக்கி வைத்தேன். ஜாக்கி மேலே போனது, வண்டி போகவில்லை. ராக்கருக்குள் ஜாக்கியே புகுந்துவிட்டது. உள்ளே இருந்தது துரு. அதன்மேல் கண்ணாடி நார், அதன்மேல் விரல் கனத்துக்குப் பட்டி, அதற்கும் மேலேதான் நான் மயங்கிய அந்த வெள்ளை. விற்றவரைக் கூப்பிட்டேன். 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்றார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை.

ஆகவே, காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறதே, அது போதும். மெல்லிய துணியில் சுற்றி, ராக்கர் நெடுக, பின்சக்கர வளைவின் கீழ்ப்பகுதி, கதவுகளின் அடிவிளிம்பு என்று வைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் நன்றாகப் பிடித்து, ஒரு சாண் தள்ளிப் பிடி விட்டதென்றால் அங்கே பட்டி இருக்கிறது. கொஞ்சம் இருப்பது குற்றமில்லை, அறுபது வயது வண்டி. காந்தம் பொத்தென்று கீழே விழுந்தால்தான் பிரச்சினை.

அடுத்து, கூரை மூடியிருக்கும்போது முன்கதவும் பின்கதவும் சந்திக்கும் இடைவெளியைப் பாருங்கள். பிறகு கூரையைத் திறந்துவிட்டு அதே இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக மாறினால் வண்டியின் நடு தொய்ந்திருக்கிறது. கன்வெர்ட்டிபிளுக்கு மேலே பிடிப்பு கிடையாது, பலமெல்லாம் தரையிலும் ராக்கரிலும்தான். துருப்பிடித்த ராக்கரை வெட்டி எடுப்பதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்துக்கொள்வார்கள், வேலை தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் அப்படியே வெட்டுவார்கள், வண்டி வாழைப்பழம்போல் வளையும், அந்த வளைவோடு புது ராக்கர் ஏறும். அதனால் வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பளபளக்கும் நாற்பது படத்தைவிடக் குழாய் தெரியும் ஒரு படம் மேல்.

கடைசியாக, கூரையைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முறை இல்லை, மூன்று முறை. 'நேற்றுவரை வேலை செய்தது', 'சின்ன ரிலே ஒன்றுதான்', 'மழைக்காலத்தில் திறப்பதில்லை' என்று ஏதாவது வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போங்கள். இந்தக் கூரை வேலை செய்ய வேண்டுமென்றால் வயரிங், எர்த், பம்ப், எண்ணெய்க் குழாய், பூட்டு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அத்தனையும் இருந்து பாடி கோணியிருந்தாலும் மூடி உட்காராது. அந்த வண்டிக்கு நடத்த வேண்டிய எல்லாப் பரிசோதனையையும் கூரை தானே நடத்திக் காட்டிவிடும். நான் வாங்கிய அன்று அதைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. நவம்பர் மாதம், குளிர். விற்பவர் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ன் 23-வது வாரத்தில் செய்தது. வெள்ளைப் பட்டை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் காரில் பின்கதவு ஏன் எதிர்ப்பக்கமாகத் திறக்கிறது? வெறும் பகட்டுதானா?
— நியூ ஜெர்சி வாசகர்

பதில்: பகட்டும் உண்டு. ஆனால் பிறந்த கதை வேறு. எல்வுட் எங்கல் என்ற வடிவமைப்பாளர் இந்த உருவத்தை முதலில் ஃபோர்டின் இன்னொரு காரான தண்டர்பேர்டுக்காகத்தான் செய்தார். அப்போது ஃபோர்டில் தங்கள் லிங்கன் பிரிவையே இழுத்து மூடிவிடலாமா என்று யோசனை ஓடிக்கொண்டிருந்த நேரம். ராபர்ட் மெக்னமாரா (பின்னாளில் பாதுகாப்பு அமைச்சராகிப் பேர் கெடுத்துக்கொண்டவரேதான்) அந்தக் களிமண் மாதிரியைப் பார்த்துவிட்டு, இதை நான்கு கதவாக்க முடியுமா, லிங்கனாக விடலாம் என்றார். 1960 லிங்கன் 227 அங்குல நீளம். புதியது 212 அங்குலத்துச் சொச்சம். ஒன்றேகால் அடி குறைத்ததில், பின்னிருக்கையிலிருந்து இறங்குகிறவரின் கால் கதவில் இடித்தது. கீலைப் பின்பக்கம் மாற்றினார்கள், இடி நின்றது. அப்படித்தான் சொல்கிறார்கள்.

1951 ஃபிரேசர் என்ற காருக்குப் பிறகு அமெரிக்காவில் நான்கு கதவு கன்வெர்ட்டிபிள் என்று தொழிற்சாலையிலிருந்து வந்தது இதுதான். 1967-ல் இது நின்றபிறகு, ஜீப் மாதிரி வண்டிகளை விட்டால், வேறு எதுவும் வரவில்லை. ஏழு வருஷத்தில் மொத்தம் இருபத்தோராயிரத்துச் சொச்சம் வண்டிகள். முதல் வருஷம் 2,857. விலை 6,713 டாலர்.

கூரை போட்ட நிலையில் பின்கதவைத் திறந்தால் அதன் கண்ணாடி தானாகவே இரண்டு அங்குலம்போல இறங்கும், ரப்பர் ஓரத்தில் சிக்காமல் இருக்க. முதல் தடவை பார்த்தபோது வண்டி எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல இருந்தது. என் மகன், 'அப்பா, ஷார்ட் சர்க்யூட்' என்றான்.

கேள்வி: எந்த வருஷத்து மாடல் வாங்கலாம்?
— இல்லினாய் வாசகர்

பதில்: அழகுக்கு 1961 முதல் 1963 வரை. பக்கக் கண்ணாடிகள் வளைந்திருக்கும், வண்டி சிக்கென்று இருக்கும். 1964-ல் சக்கர இடைவெளியை 123-லிருந்து 126 அங்குலமாக்கினார்கள், பின்னால் கால் நீட்ட இடம் வந்தது, ஆனால் கண்ணாடியைத் தட்டையாக்கிவிட்டார்கள். ஓட்டுவதற்கென்றால் 1965-க்கு மேல் போங்கள், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டியை நான்கு டிரம்மை நம்பி இறக்கத்தில் இறக்கியிருக்கிறேன். டிஸ்க் எவ்வளவு நல்ல விஷயம் என்று அப்போது தெரியும். 1966-ல் 462 கன அங்குல இன்ஜின் வந்தது, துணிக்கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக்கிலிருந்து நிஜக் கண்ணாடியாகவும் மாறியது. பழுப்பேறிய பிளாஸ்டிக் வழியாகப் பின்னால் பார்த்து ஓட்டும் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

வண்டி எண்ணையும் பாருங்கள். முதல் இலக்கம் வருஷம், அடுத்த எழுத்து மிச்சிகன் விக்ஸம் தொழிற்சாலையைக் குறிக்கும், அதற்கடுத்து 86 என்றிருந்தால் கன்வெர்ட்டிபிள். 82 என்றால் அது செடானாகப் பிறந்தது, யாரோ கூரையை அறுத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் 1964-ல் சுவிட்சை அழுத்தினால் டிக்கி மூடி முழுதாகத் திறந்து நிற்கிறது. அதற்குப்பிறகு கூரை அசைவதே இல்லை. மெக்கானிக் பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றட்டுமா, அண்ணா?
— கலிஃபோர்னியா வாசகர்

பதில்: நில்லுங்கள் தம்பி. பம்பைத் தொடாதீர்கள்.

இந்த வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது, அதை ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) லிமிட் சுவிட்சுகளும் (ஒரு பாகம் உரிய இடத்துக்கு வந்ததும் அழுந்தும் சுவிட்ச்) பார்த்துக்கொள்கின்றன. முதலில் டிக்கி மூடியின் பூட்டுத் திருகுகளை மோட்டார் கழற்றும். மூடி பின்பக்கக் கீலில், முதலை வாய்போல், முன்விளிம்பு மேலே எழும்பும். கூரை விழுவதற்கு வழி முழுதாகக் கிடைத்த பிறகு, முன்கண்ணாடிச் சட்டத்தில் கூரையைப் பிடித்திருக்கும் திருகுகள் கழலும். கூரை மடிந்து டிக்கிக்குள் இறங்கும். மூடி திரும்பி வந்து பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஒரு சுவிட்ச் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தவன் காத்துக்கொண்டே நிற்பான்.

உங்கள் வண்டியில் மூடி எழும்பிவிட்டது, ஆனால் எழும்பியதை யாரும் சொல்லவில்லை. சந்தேகம் முதலில் அந்தக் கட்டத்து லிமிட் சுவிட்ச் மேல்தான் விழ வேண்டும். அழுக்கு, வளைந்த தகடு, அறுந்த வயர், மூன்றில் ஒன்று. மல்டிமீட்டரை எடுத்து, மூடி திறந்த நிலையில் அந்தச் சுவிட்சில் மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா பாருங்கள். வந்து போகவில்லை என்றால் ஆள் அவன்தான். போகிறது என்றால் அடுத்த ரிலே, அதன் எர்த். எர்த் இணைப்பை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ரெஸ்டோர் செய்கிறேன் என்று எர்த் ஸ்க்ரூவுக்கு அடியிலும் சேர்த்து பெயின்ட் அடித்துவிடுவார்கள். என் வண்டியில் அப்படி ஆறு இடத்தில் சுரண்டினேன்.

சோதிக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும் (கராஜ் கதவு திறந்திருக்கட்டும், புகை). பேட்டரி மட்டும் என்றால் பாதியில் வோல்டேஜ் இறங்கி, இல்லாத கோளாறெல்லாம் தெரியும். ரிலேக்கு வயர் போட்டு நேரடியாக இயக்கிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். வரிசை தெரியாமல் இயக்கினால் கூரையும் மூடியும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும், பிறகு உங்களுக்குத் தேவைப்படுவது எலெக்ட்ரீஷியன் இல்லை. அசையும்போது கையை உள்ளே விடவே விடாதீர்கள்.

இந்த வண்டியில் மழைத்துடைப்பான்கூட மோட்டாரில் ஓடுவதில்லை, பவர் ஸ்டீயரிங் எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுகிறது. கதவுப் பூட்டு வாக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில். இதை வடிவமைத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கேள்வி: கென்னடி சுடப்பட்டபோது போன கார் இதேதானா?
— ஜார்ஜியா வாசகர்

பதில்: இதே இனம், ஆனால் சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் நிறுவனத்தில் நடுவே வெட்டி நீட்டிய 1961 வண்டி. கருநீலமாக இருந்தது, பிற்பாடு கறுப்பாக்கினார்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை ஒன்று அதற்கு உண்டு. அன்று அதைப் போடவில்லை, போட்டிருந்தாலும் குண்டு தாங்கும் வகை இல்லை. கவசம் எல்லாம் பிறகு ஏற்றி, 1977 வரை ஓட்டினார்கள். டியர்பர்னில் ஹென்ரி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விருந்தினர் வந்தால் அழைத்துப் போவேன். அந்த வண்டி முன்னால் மட்டும் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

கேள்வி: லிங்கன் லிங்கன் என்கிறீர்களே, பின்னால் மீன் துடுப்பு வைத்த 1959 கேடிலாக் எல்டொராடோ பியாரிட்ஸ் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?
— டெக்ஸஸ் வாசகர்

பதில்: அடுத்த ஊரிலிருந்தே தெரியுமே, அந்தத் துடுப்பு! வண்டி அற்புதம். மூன்று கார்புரேட்டர், 345 குதிரைச் சக்தி. மொத்தம் செய்தது 1,320. அதே வருஷத்து சாதாரண சீரிஸ் 62 கன்வெர்ட்டிபிள் 11,130 செய்தார்கள். இரண்டுக்கும் துடுப்பு ஒன்று, உருவம் ஒன்று, விலை மட்டும் வேறு. அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டு குரோம் வளைவையும் பெயர்ப்பட்டையையும் மாற்றினால் 62 ஒரே மாதத்தில் பியாரிட்ஸ் ஆகிவிடும். வண்டி எண்ணில் 59-க்கு அடுத்து 'இ' எழுத்து இருக்க வேண்டும். 'எஃப்' என்றிருந்தால் அது 62. எண் தகட்டின் ஆணிகளைப் பிடுங்கி மாட்டிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து இப்படி ஒரு கார் வாங்கி ரெஸ்டோர் செய்தால் 'முதலீடு' என்கிறார். உண்மையா? உங்கள் பதிலை அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன்.
— வர்ஜீனியா வாசகி

பதில்: அம்மா, மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

1976-ல் கேடிலாக் 'அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள்' என்று சொல்லி எல்டொராடோவை விற்றது. 14,000 வண்டி. கடைசி இருநூறு வெள்ளை நிறம். நாளைக்குத் தங்கமாகும் என்று வாங்கிக் கராஜில் போர்த்தி வைத்தவர்கள் ஏராளம். 1982-ல் கிரைஸ்லர் கன்வெர்ட்டிபிளைத் திரும்பக் கொண்டுவந்தது. 1984-ல் கேடிலாக்கே எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை மறுபடி விட்டது. போர்த்தி வைத்தவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. 'கடைசி' என்று விற்பவனே சொன்னால் எப்படி!

ரெஸ்டோர் செய்து லாபம் பார்ப்பது இன்னும் கஷ்டம். ஒரு பம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குரோமை உரித்து, நசுங்கலைத் தட்டி, செம்பு பூசி, தேய்த்து, மறுபடி செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் மெல்லிசாக குரோம். எல்லாம் மனிதக் கை. கிரில், கதவுப்பிடிபோன்ற துத்தநாக வார்ப்புகளில் குழி விழுந்திருந்தால் ஒவ்வொரு குழியையும் நிரப்ப வேண்டும். இதில் பணம் பண்ணுகிறவர் பெரும்பாலும் யாரென்றால், ஒருத்தர் செலவழித்துக் களைத்துப்போய் விற்கும் வண்டியை வாங்குகிற இரண்டாவது ஆள். ஆசை என்று சொல்லி வாங்கச் சொல்லுங்கள், நானே ஆதரிப்பேன். முதலீடு என்றால் பேங்கில் போடட்டும். வாங்கிவிட்டால், விபத்து நேர்ந்தால் இவ்வளவு தருவோம் என்று முன்பே தொகை பேசி எழுதிக்கொள்ளும் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண காப்பீட்டுக்காரர்களுக்கு அது வெறும் அறுபது வயது கார்.

கேள்வி: தெருவில் இருந்த ஒரு அமெரிக்கப் பாட்டியம்மாளிடம் 1966 கான்டினென்டல் கன்வெர்ட்டிபிள் வாங்கினேன். அவர் கணவர் புதிதாக வாங்கியதாம். பெயின்ட் சில இடத்தில் மங்கல், இருக்கைத் தோலில் வெடிப்பு. மற்றபடி நன்றாக ஓடுகிறது. எல்லாவற்றையும் புதுசாக்கலாமா?
— பென்சில்வேனியா வாசகர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தப் பெயின்ட் விக்ஸமில் அடித்தது. நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் அதை மறுபடி அடிக்க ஆள் கிடையாது. உங்கள் மாநிலத்தில் ஹெர்ஷியில்தான் பழங்கார்ச் சங்கமான ஏ.ஏ.சி.ஏ.-வின் தலைமையிடம். மாற்றாமல் காப்பாற்றிய வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். மங்கலோடு கொண்டுபோய் நிறுத்துங்கள்.

உயிருக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் மாற்றுங்கள். பெட்ரோலில் எத்தனால் கலக்காத காலத்து ரப்பர் குழாய்கள் இன்றைய பெட்ரோலில் கரைந்து ஒழுகும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். 1966-ல் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் உருளை) ஒற்றை அறை. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். 1967-ல் இரட்டை அறை வந்தது, அந்த வகைக்கு மாற்றிக்கொண்டு பழையதைப் பெட்டியில் போட்டு வையுங்கள், அடுத்து வாங்குகிறவருக்குக் கொடுக்க. தோல் வெடிப்பை உள்ளிருந்து துணி ஒட்டி நிறுத்தலாம். அந்தம்மாளிடம் பழைய ரசீது, சர்வீஸ் சீட்டு, படம் ஏதாவது இருக்கிறதா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். என் வண்டிக்கு அப்படி ஒரு காகிதம்கூட இல்லை.

கேள்வி: அந்த ராக்கர் போன 1964 என்ன ஆயிற்று? விற்கும் எண்ணம் உண்டா?
— மிச்சிகன் வாசகர்

பதில்: இரண்டு ராக்கரும் தரையின் பாதியும் புதுத் தகட்டில் போட்டாயிற்று, வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்து. மூன்று வருஷம் ஆனது. வயரிங் முழுக்க நானே இழுத்தேன். ஆகஸ்ட் மாதத்தில் உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழங்கார் ஊர்வலத்தில் போய் நிறுத்துவேன், கூரை திறந்து மூடுவதைப் பார்க்கக் குழந்தைகள் கூடுவார்கள். போன வருஷம் ஒருவர் அங்கேயே செக் எழுதத் தயாராக நின்றார். பின்பக்க வலது கண்ணாடி சரியாக இறங்குவதில்லை, அதைச் சரிசெய்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி அவரிடம், 'பன்னிரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடியைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறார்' என்றாள்.